நாகையா போட்ட மீட்டிங்

என் தாத்தா கங்காணி இல்லை. இதைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

கிள்ளானில், காப்பார் சாலையில் லோரி டயர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு முன்னால், அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவில் நான் நிற்கிற படம் ஒன்று, கெட்டி அட்டை போட்ட ஆராய்ச்சிப் புத்தகத்தில் வந்திருக்கிறது. படம் எடுத்தபோது வெயில் கண்ணில் அடித்தது. அதனால் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. என் மகள் படித்துச் சொன்னாள்: ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர், ஒரு கங்காணியின் பேரன். அந்த முறைப்புக்கும் அந்த வரிக்கும் பொருத்தம் அமைந்துவிட்டது. பார்த்தவர் யாரும் சந்தேகப்படவில்லை. போதாததற்கு அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து, சட்டம் போட்டு, என் கடைக்கு எதிரே இருக்கிற ஒட்டுக்கடையில் மாட்டியும் விட்டார்கள். தே தாரே குடிக்க வருகிற லோரிக்காரர்கள் அன்றிலிருந்து என்னைக் கூப்பிடுவதே, "கங்காணி, டயர் ரெடியா?" என்றுதான்.

கங்காணி என்றால் யார்? ஊரில் ஆள் பிடித்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து, தோட்டத்தில் அவர்கள் தலைமேலேயே பிரம்போடு நின்றவன். என் தாத்தா கேரி தீவுத் தோட்டத்தில் புல் வெட்டியவர். அவருடைய இடது தோளில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. அது ஒரு கங்காணி போட்டது. அதற்குப் பிறகுதான் தோட்டத்தை விட்டு ஓடிவந்து ரயில்வேயில் சேர்ந்தார். கடைசிவரை எங்கள் வீட்டில் ஒரு பிரம்பு நாற்காலிகூட வாங்க விடவில்லை. அப்படிப்பட்ட மனுஷனைத் தூக்கிப் புத்தகத்தில் கங்காணியாக உட்காரவைத்தவர், அதற்குச் சட்டம் போட்டு மாட்டியவர், எல்லாம் ஒரே ஆள்தான். பெயர் நாகையா. போன மாதம் காலமாகிவிட்டார். ஆள் போய்விட்டார் என்பதற்காக நான் விடுவதாக இல்லை.

நாகையா ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டி விசில் ஊதுகிற வேலை. வண்டியை ஓட்டுகிறவர் முன்னால் இருப்பார். நடத்துகிறவர் நான்தான் என்பார் நாகையா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, கொடியைக் கீழே போடவில்லை. கல்யாண வீட்டில் பந்தி எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று அவர் கை காட்ட வேண்டும். சாவு வீட்டில் வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்றும் அவர்தான். ஒருமுறை செத்தவரின் மகனே வந்து, "அங்கிள், போலாமா?" என்று கேட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "ரெண்டு நிமிஷம் இரு," என்றார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

வெள்ளைச் சட்டை, பையில் சீப்பு, காலருக்கு உள்ளே மடித்து வைத்த கைக்குட்டை. சீனி வியாதி என்பதால் சீனியும் பாலும் இல்லாத தே ஓ கேட்டு வாங்குவார். பிறகு தம் ரொட்டியை என்னுடைய பால் தேயில் தோய்த்துத் தின்பார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், ரயிலில் மலாய், கோபம் வந்தால் ஆங்கிலம். அவருடைய அப்பாவும் ரயில்வேதான், பெட்டி கழுவுகிற வேலை. என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை, நல்ல மனநிலையில் இருந்தால் செல்வம் என்பார், இல்லாவிட்டால் டயரு.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. அதை இடித்துவிட்டார்கள். நான் கிள்ளானுக்கு வந்தேன். நாகையாவும் மகனோடு கிள்ளானில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தார். டிக்கெட் பரிசோதகராக இருந்த ராதாகிருஷ்ணன் காஜாங் போனார். குமுதா அக்கா கம்போங் மேடானில் மகள் வீட்டுக்குப் போனார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில், பழைய இடத்துக்குப் பக்கத்திலிருக்கிற ஒரு கடைக்கு எல்லாரும் பசியாற வந்துவிட வேண்டும். அது நாகையாவின் உத்தரவு. அதுவும் ரயிலில்தான் வர வேண்டும். நான் ஒருமுறை லோரியில் வந்திறங்கியதற்கு, அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அங்கேதான் பத்து வருஷத்துக்கு முன் டாக்டர் கார்த்திகா வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சரித்திர டாக்டர். பேரரசுகளைப் பற்றிப் படிக்கிறாராம். பேரரசு என்றால் ராஜா, கவர்னர், சண்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷப் பள்ளிக்கூடத்தில் அதுவரைக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் அப்படியில்லை என்றார். வெள்ளைக்காரன் எழுதி வைத்த காகிதத்தில் எங்கள் ஆட்களுக்குப் பெயரே இல்லை, தலைக்கணக்கு மட்டும்தான் இருக்கிறது என்றார். அதனால் எங்களைக் கேட்கிறார். எங்கெங்கிருந்தோ வந்து இறங்கிய கூட்டம், எந்த நாளிலிருந்து 'நாங்கள்' என்று பேச ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதைப் பற்றிப் படித்தவர்களுக்குள் பெரிய சண்டையே நடக்கிறதாம்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பேன், எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன் என்றார். "எங்க ஒத்துப்போகுது, எங்க இடிக்குதுன்னு பார்க்கணும் அங்கிள். இடிக்கிற இடத்துலதான் எனக்கு வேலையே."

நாகையாவின் காதில் 'இடிக்குது' என்ற ஒன்று மட்டும்தான் விழுந்தது. அந்த அம்மா போனதும் முகம் வெளிறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசர மீட்டிங் போட்டார்.

"அந்தப் பொண்ணு வெளிநாடு போய்ப் படிச்சிட்டு வந்திருக்கு. ஆளுக்கு ஒண்ணு சொன்னா நம்மளைப் பத்தி என்னா நினைக்கும்?" என்றார். "ஒரு வண்டிக்கு ஒரு டைம்டேபிள்தான் இருக்கணும் லா."

முதல் விஷயம், நாம் யார். இதிலேயே ரொட்டி ஆறிப்போனது. ராதாகிருஷ்ணன், தாம் மலையாளி என்பதைத் தம் அப்பாவுக்காகச் சொல்லியே தீர வேண்டும் என்றார். குமுதா அக்காவின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டேஷனில் கணக்கு எழுதுகிற கிராணி. "எங்க வீடு கிராணி வீடு. உங்களோட சேத்து எழுதினா எங்கப்பா சொர்க்கத்துல இருந்து இறங்கி வந்துருவார்," என்றார் அக்கா. அரை நூற்றாண்டாக இதே பேச்சு. இதைச் சொல்லிக்கொண்டேதான் எங்கள் எல்லார் வீட்டு ரசமும் குடித்தார். நாகையா தெலுங்கு. நான் தமிழ். எனக்கு அதில் சிக்கல் ஒன்றும் இல்லை என்றேன். "உனக்கு எதுலடா சிக்கல் இருந்துச்சு," என்றார் நாகையா. கடைசியில் 'நாங்கள் ரயில்வேக்காரர்கள்' என்று முடிவானது. அரசாங்கத்தில் யாராவது படித்தாலும் படிப்பார்கள், மலேசியர் என்று முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம் என்றார் குமுதா அக்கா. அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. படித்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற விஷயத்தை, நாங்கள் ஒரு ரொட்டி சானாய்க்குள் முடித்துவிட்டோம்.

இரண்டாவது, வேலைநிறுத்தம். சுதந்திரம் வாங்கிக் கொஞ்ச வருஷத்தில் ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக் கதவுகூடத் திறக்கவில்லை, ஒருத்தர்கூட வேலைக்குப் போகவில்லை என்று நாகையா சொன்னார். எங்களையும் ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தார். ராதாகிருஷ்ணன் மட்டும், "இல்ல நாகையா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். நாகையா உடனே அவருக்கு இன்னொரு ரொட்டி சொன்னார். குமுதா அக்கா தம் தேயைக் கலக்கிக்கொண்டே இருந்தார், அதில் ஏற்கெனவே சீனி கரைந்துதான் இருந்தது. ராதாகிருஷ்ணன் ரொட்டியைத் தின்றார்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் போன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரு லோரிக்கு டயர் வெடித்துவிட்டது. நான் வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் மூன்றாவது விஷயமும் முடிந்திருந்தது. என்ன என்று கேட்டேன். சில்லறை விஷயம் என்றார் நாகையா.

அந்தச் சில்லறை விஷயம் என்னவென்று, டாக்டர் கார்த்திகா என் கடைக்கு வந்து ரெக்கார்டரை டயர்மேல் வைத்தபோதுதான் தெரிந்தது. எங்கள் வரிசையில் ஒரு கங்காணி இருந்தார், அவர் உங்கள் தாத்தாதானே என்று கேட்டார். இல்லை என்று கத்தினேன். அந்த அம்மா முகத்தை மென்மையாக வைத்துக்கொண்டு, "வெட்கப்படாதீங்க அங்கிள். கங்காணி குடும்பத்துல பலபேர் இப்படித்தான் மறைப்பாங்க," என்றார். மற்ற எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் மறுக்கிறேன். மறுக்க மறுக்க நான் இன்னும் நல்ல கங்காணிப் பேரனாக ஆகிக்கொண்டிருந்தேன். தழும்பைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்போது இருந்த கோபத்தில், போ என்று விட்டுவிட்டேன்.

நாகையாவிடம் நேரே போய்ச் சண்டை போட்டேன். பேரரசைப் பற்றிய புத்தகத்தில் ஒரு கங்காணி இல்லாவிட்டால் எப்படி என்று கேட்டார். யாராவது ஒருவர் ஆக வேண்டும், உன் மீசைக்குத்தான் எடுப்பாக இருந்தது என்றார். அதோடு புத்தக வெளியீட்டு விழாவில் மாலை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் ஒரு மாதம் பேசவில்லை. அவர் மோட்டோ சக்கரத்துக்குக் காற்றடிக்க வழக்கம்போல வந்தார். நான் பேசாமலே அடித்துவிட்டேன். காற்று கம்மி என்றார். அதற்குப் பதில் சொல்லப்போய்ப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அந்த ஆளிடம் கோபமாக இருப்பதுகூடச் சுலபம் இல்லை.

இது இப்படியே போயிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் கார்த்திகாவின் மைவி கார் என் கடை முன்னால் வந்து நின்றது. புத்தகத்தைத் திருத்தி மறுபடி போடப்போகிறார்களாம். காஜாங்கில், அந்தக் காலத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் மகனைப் பார்த்திருக்கிறார். வேலைநிறுத்தத்தன்று உங்கள் வரிசையில் ஒரு கதவு திறந்தது, ஒருவர் வேலைக்குப் போனார் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றாராம். எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க எல்லாரும் அன்னிக்கு ஒரே வார்த்தையில சொன்னீங்க அங்கிள், ஒரு எழுத்து மாறாம. நெஜமாப் பார்த்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. எனக்கு அப்பவே இடிச்சுது," என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மீட்டிங் நடந்ததைச் சொன்னேன், ரொட்டி உட்பட. அப்படியானால் கங்காணியும் அந்த மீட்டிங்கில் பிறந்தவன்தான், எடுங்கள் அந்த வரியை என்றேன். அவர் நன்றாகச் சிரித்தார். தம் தவறுதான் என்றும் ஒத்துக்கொண்டார். ஆனால் எடுக்க வேண்டுமென்றால் சொன்னவர் வாயால் இல்லை என்று வர வேண்டும் என்றார். என் மறுப்பு ஏற்கெனவே ஒருமுறை பதிவாகி இருக்கிறது. அதற்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான். முதலில் சொன்னவர் நாகையா. அவர் திருத்தினால் போதும்.

நாகையா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். கிட்னி. தாம் போய்த் தொந்தரவு செய்யலாமா என்று அந்த அம்மா தயங்கினார். நான் போகிறேன் என்றேன். பத்து வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தானே.

சாயங்காலம் போனேன். கண்ணை மூடிக்கொண்டே, "டயர் நாத்தம் வருது. நீதானா?" என்றார். உடம்பு பாதியாகியிருந்தது. சீப்பு மட்டும் தலையணைக்கு அடியில் இருந்தது. என் தாத்தாவை விடுதலை செய்யுங்கள் என்று கேட்டேன். "பத்து வருஷம் சுமந்துட்டே. இன்னும் ரெண்டு வருஷம் சுமந்தா குறைஞ்சா போயிருவே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம் நான் அந்தத் தொழிற்சங்கத் தலைவரின் மகன் சொன்ன கதவு விஷயத்தைச் சொன்னேன்.

சிரிப்பு போய்விட்டது. சீப்பை எடுத்து இல்லாத முடியைச் சீவினார். வெகுநேரம் சீவினார்.

"அது எங்க வீட்டுக் கதவு," என்றார்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அவருடைய அம்மா அப்போது நிறைமாதம். வேலைக்கு வராதவர்களை குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அவருடைய அப்பா நம்பிவிட்டார். விடிவதற்கு முன்னால் பின்கதவைத் திறந்துகொண்டு, சாக்கடை ஓரமாகவே நடந்து போனார். பன்னிரண்டு வயது நாகையாதான் தாழ் போடுவதற்காகக் கதவருகில் நின்றிருக்கிறார். பின்சந்தின் முனையில் வேலைநிறுத்தக்காரர்கள் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அவர் என் தாத்தா.

"என்னா கத்தினாரு தெரியுமா? 'தெலுங்கன் போறான்டா'ன்னு," என்றார் நாகையா. "தினமும் எங்கப்பாகிட்ட பீடி வாங்கிக் குடிச்ச மனுஷன். பேரு தெரியும் செல்வம். பேரைச் சொல்லல."

அடுத்து வந்த தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து போன முறுக்குத் தட்டு, மூடின துணி மூடினபடியே எல்லா வீட்டிலிருந்தும் திரும்பி வந்ததாம். பிறகு நாளாக நாளாகச் சரியாகிவிட்டது. அதற்குள் பிறந்திருந்த தங்கச்சியை எல்லாரும் தூக்கிக் கொஞ்சினார்கள், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய அப்பா மட்டும் பென்ஷன் வாங்கும்வரை பின்கதவு வழியாகவே வேலைக்குப் போய்வந்தார்.

ராதாகிருஷ்ணனுக்கும் குமுதா அக்காவுக்கும் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா ரொட்டி தின்றார்கள் என்றார்.

"அதான் எங்க தாத்தாவை கங்காணி ஆக்கினீங்களா?"

"வேற என்னா பண்றது. அவரு செத்துப் பல வருஷம் ஆச்சு. கையில கிடைச்சது நீதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. தாத்தாவின் தழும்பைப் பற்றிச் சொன்னேன், ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் சத்தமாகவே சொன்னேன். அடித்தது ஒரு கங்காணி, பிரம்பால் என்றேன். நாகையா என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன் தாத்தா தோளிலிருந்து துண்டை எடுத்துப் பார்த்ததே இல்லையே என்றார். குளிக்கும்போதுகூடத் துண்டு இருக்கும், அழுக்குப் பிடித்த மனுஷன் என்று நாங்கள் பையன்கள் சிரிப்போம் என்றார். தாதி வந்து மைலோ வைத்துவிட்டுப் போனாள். அவருக்கு அது ஆகாது என்று நினைத்து நான் குடித்துவிட்டேன். அது சீனி போடாதது, அவருக்காகவே போட்டது என்று பிறகு சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் பழையபடி கார்டு ஆகிவிட்டார். டாக்டரம்மாவை ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரச் சொல்லும்படி உத்தரவு போட்டார். எழுந்து வர முடிந்தால் தாமே வந்து சொல்வார். முடியாவிட்டால் நான் சொல்ல வேண்டும்.

"ரெண்டையும் சொல்லணும். கதவைத் திறந்தது எங்கப்பா. கத்தினது உங்க தாத்தா. ஒண்ணை மட்டும் சொன்னே, நான் செத்தாலும் உன் கடை வாசல்ல வந்து உக்காருவேன்," என்றார். "தழும்பைச் சொல்லு. பீடியையும் விட்டுடாதே."

கங்காணி வரியை என்ன செய்வது என்று கேட்டேன். தாம் கட்டிவிட்டது என்று சொல்லச் சொன்னார். ஆனால் படத்தை எடுக்கச் சொல்லிவிடாதே, அந்த முறைப்பு நன்றாக இருக்கிறது என்றார். அப்பாவின் பெயரும் வரட்டுமா என்றேன்.

"வரட்டும். கோவிந்தையா. பேரைப் போடச் சொல்லு, தெலுங்கன்னு போடாம."

நான் எழுந்து கதவுவரை போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினேன். கொடி பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கி வைத்திருந்தார்.

"ராதாகிட்டயும் குமுதாகிட்டயும் சொல்லிடு. ஞாயித்துக்கெழம ரயில்ல வரட்டும், நல்லா பசியாறட்டும். ஆனா மீட்டிங் கிடையாது. அவங்கவங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கோ, அதை அவங்கவங்க சொல்லட்டும்."